வெயிலின் மீது சுமத்திய பழி

பூகோளம் மலையையும் ஆற்றையும் மழையையும் பற்றிய கல்வி. அதில் நிறவெறி நுழைய வழியேது என்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் 1980களின் தொடக்கத்தில், பிரிட்டனில் ஆசிரியை டான் கில் முதலானோர் தம் நாட்டுப் பள்ளிப் பூகோளத்தின் மீதே அக்குற்றத்தைச் சாட்டினர். ஆப்பிரிக்க, ஆசிய மக்களின் வறுமைக்குக் காரணம் கூறப் புகுந்த பாடங்கள் வெப்பத்தையும் வறட்சியையும் மக்கட் பெருக்கத்தையும் அடுக்கிவிட்டு, அந்நாடுகளை ஆண்டவர்கள் அள்ளிச் சென்றதைக் கூறாது விடுத்தன என்பதே அவர்தம் முறையீடு. வசைச்சொல் ஒன்றேனும் இல்லாத பாடத்திலும் வசை இருக்கக்கூடும் என்பதை அவர்கள் உணர்த்தினர்.

காங்கோவை எடுத்துக்கொள்வோம். மழைக்காடு, பேராறு, ரப்பர், செம்பு என்று மாணவன் மனனம் செய்கிறான். 1885 முதல் 1908 வரை அந்நாடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாக இருந்ததும், கேட்ட அளவு ரப்பர் வராதபோது பெண்களைப் பிணையாகப் பிடித்ததும், கைகளைத் துண்டித்ததும் அப்பட்டியலில் வருவதில்லை. விளைபொருளை மட்டும் கற்ற பிள்ளை, இத்தனை வளமிருந்தும் ஏன் ஏழ்மை என்று வினவுவான். விடை கிட்டாதபோது, அம்மக்களின் சோம்பலே காரணம் என்று தானே முடிவு செய்துகொள்வான்.

அந்த முடிவுக்கு அறிவியற் போர்வை அணிவித்தோரும் உளர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன், நாகரிகமும் தட்பவெப்பமும் பற்றி 1915இல் வெளியிட்ட நூலில், வெப்ப நாடுகள் மாந்தரின் ஊக்கத்தைக் கெடுப்பன என்றும், இங்கிலாந்தும் அமெரிக்காவின் வடகிழக்கும் போன்ற பகுதிகளே முயற்சிக்கு உகந்தவை என்றும் வாதிட்டார். அவர் வாழ்ந்ததும் அந்த வடகிழக்கிலேதான்!

இவ்விடத்தில், நம் முன்னோர் இக்கறை படியாதவர் என்று நாம் மார்தட்டிக்கொள்ள இயலுமா? நேர்மையாக நோக்கின் இயலாது. தொலேடோ நகரத்து அறிஞர் ஸாயித் அல் அந்தலுஸி 1068இல் இயற்றிய 'தபகாத்துல் உமம்' என்னும் நூலில், வடபுலத்து ஐரோப்பியர் கதிரவனுக்கு வெகு தொலைவில் இருப்பதால் அறிவு மழுங்கினர் என்றும், தென்புலத்துக் கருநிறத்தார் அதன் வெம்மையால் நிதானம் இழந்தனர் என்றும் எழுதினார். அவருக்கு நெடுங்காலம் முன்பே, கிரேக்கர் நடுவில் வாழ்வதால்தான் வீரமும் அறிவும் ஒருங்கே பெற்றனர் என்றார் அரிஸ்டாட்டில். மூவரும் ஒரே அளவுகோலைக் கையில் எடுத்தனர்; மூவருக்கும் சிறந்த இடம் தத்தம் ஊராகவே அமைந்தது. அளப்பவன் நிற்குமிடத்திற்கேற்ப முடிவு மாறுமாயின், அதனை அறிவியல் என்பது எங்ஙனம்?

இப்னு கல்தூன் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. நபி நூஹ் (அலை) அவர்கள் தம் மகன் ஹாமைச் சபித்ததாலேயே அவன் வழியினர் கருநிறம் பெற்றனர் என்ற கட்டுக்கதையை, 1377இல் முடித்த 'முகத்திமா'வில் அவர் மறுத்தார். நிறம் தட்பவெப்பத்தால் அமைவது என்று நிறுவினார். அதே அறிஞர், அதே தட்பவெப்பத்தைக் காட்டி, கடும் வெப்பத்திலும் கடுங்குளிரிலும் வாழ்வோரை விலங்கினத்தை ஒத்தவராகவும் எழுதிவிட்டார். சாபத்தைத் தள்ளிய கை வெயிலைக் கொண்டுவந்து அவ்விடத்தில் வைத்தது. அவருடைய மறுப்பைப் போற்றுவோம். அவருடைய பிழையையும் பிள்ளைகளிடம் மறையாது கூறுவோம்.

மக்கள் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் திருவசனம் தரும் போதனை. பூகோளக் கல்விக்கு இதனினும் உயர்ந்த நோக்கம் வேண்டுவதில்லை. 1569இல் மெர்க்காட்டர் கடலோடிகளுக்கென வரைந்த முறையிலான படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதனைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. படத்தைத் திருத்த ஓர் உருண்டை போதும். ஒரு நாட்டின் வறுமையைக் கூறும்போதெல்லாம், அங்கிருந்து எடுத்துச் சென்றவர் யார் என்ற வினாவையும் உடன் எழுப்பும் ஆசிரியரே மனத்தைத் திருத்த வல்லவர்.