திரட்டுவோர் பொறுப்பு

இலக்கியத் துறையிலே தொகுப்பாளனுக்கு உரிய இடம் இன்னும் சரிவர வரையறுக்கப்படவில்லை. படைப்பவன் எழுத்தாளன், மதிப்பிடுபவன் விமரிசகன். பிறர் எழுதியவற்றுட் சிலவற்றைத் தெரிந்தெடுத்துத் தருபவனோ வெறுங் கத்தரிக்கோற்காரனாகவே கருதப்படுகிறான். ஆயினும் இன்று நாம் எதை வாசிக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் நிச்சயிப்பவன் அவனே. இணையத்தில் ஒரே நாளிற் சேரும் எழுத்தை ஒருவர் தம் ஆயுள் முழுவதும் இருந்து வாசித்தாலும் முடிக்க இயலாது. எனவே தெரிவு தவிர்க்க முடியாதது. அத்தெரிவை யார் செய்கின்றனர், யாருக்காகச் செய்கின்றனர், எந்த அளவுகோல் கொண்டு செய்கின்றனர் என்பனவே நம் முன்னுள்ள வினாக்கள்.

தமிழ் மாணவர்க்குத் தொகைநூல் புதிதன்று. சங்கச் செய்யுட்கள் நம் கைக்கு எட்டியதே எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்னுந் தொகுப்புகளின் வாயிலாகத்தான். எனினும் திரட்டுதலின் பயனை விளக்குதற்குப் புறத்திரட்டே தக்க சான்றாகும். பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை 1938 இல் பதிப்பித்த அந்நூலைத் திரட்டியவர் தம் பெயரைக்கூட நமக்கு விட்டுச் செல்லவில்லை. ஆயின் தாம் எடுத்த செய்யுட்களுக்கு மூலநூற் பெயரை விட்டுச் சென்றார். அதனாலன்றோ முழுநூலாகக் கிடையாத முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் இன்று நமக்குரியனவாயின! தன்னை மறைத்து மூலத்தைக் காட்டினான் பழைய திரட்டாளன். மூலத்தை மறைத்துத் தன்னைக் காட்டுபவன் இன்றைய திரட்டாளருட் பலருக்கு முன்னோடி. அவன் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இங்கிலாந்தில் 1870 இல் ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறிற்று. அதன் பயனாக, வாசிக்கத் தெரிந்தும் நெடிய நூல்களில் ஆழ்வதற்கு ஓய்வும் பயிற்சியும் வாய்க்கப்பெறாத தொழிலாளரும் எழுதுவினைஞருமாகிய புதியதொரு வாசகர் கூட்டம் பெருகிற்று. 1881 இல் மன்செஸ்ரர் நகரில் ஜோர்ஜ் நியூன்ஸ் என்பார் 'ரிற்-பிற்ஸ்' என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். உலகின் நூல்கள், சஞ்சிகைகள், செய்தித்தாள்கள் யாவற்றினின்றும் சுவையான துணுக்குகளைத் திரட்டித் தருவதாக அதன் முழுப்பெயரே விளம்பரஞ் செய்தது. புகைவண்டி விபத்தில் இறந்தவரிடம் அவ்வேட்டின் பிரதி இருப்பின், அவர் குடும்பத்துக்கு நூறு பவுண் காப்புறுதிப் பணம் வழங்கப்படும் என்றும் அறிவித்தார் நியூன்ஸ். வாசகனின் அறிவுப்பசிக்கு மட்டுமன்றி அவனது அச்சத்துக்கும் விலை குறிக்கப்பட்டது! இதிற் பழகிய அல்பிரட் ஹாம்ஸ்வேர்த் 1888 இல் இதேபோன்ற ஏடொன்றைத் தொடங்கி, அதிலிருந்து வளர்ந்து, 1896 இல் 'டெயிலி மெயில்' நாளிதழை நிறுவினார். துணுக்கு வியாபாரத்திற் சேர்ந்த மூலதனமே பின்னர் ஒரு நாட்டின் அரசியற் கருத்தை உருவாக்கும் பத்திரிகைப் பேரரசாக மாறிற்று.

நாவலாசிரியர் ஜோர்ஜ் கிஸ்ஸிங் 1891 இல் வெளியிட்ட 'நியூ கிறப் ஸ்ரீற்' என்னும் நாவலில் இத்தகைய ஏட்டைக் கடுமையாகப் பகடி செய்துள்ளார். அரைகுறைக் கல்வியினருக்கென இரண்டு அங்குல நீளத்துக்கு மேற்படாத கட்டுரைகளை வழங்கும் திட்டம் அதிலே பேசப்படுகிறது. பகடியில் உண்மை உண்டு. ஆயினும் அதைப் படித்துச் சிரிக்கும் கற்றோர் ஒன்றை மறத்தலாகாது. நாள் முழுவதும் உழைத்து மாலையில் வண்டியேறும் மனிதன் சிறு துணுக்கை நாடுவது அவன் அறிவின் குறையால் அன்று. அவனுக்கு மறுக்கப்பட்ட ஓய்வின் விளைவால். அவன் பசி மெய்யானது. அப்பசிக்கு எது பரிமாறப்பட்டது என்பதே விமரிசனத்துக்குரியது.

அடுத்த கட்டத்தை அமெரிக்காவிற் காண்கிறோம். டி விற் வாலஸ், லீலா வாலஸ் என்னும் தம்பதியர் 1922 இல் தொடங்கிய 'றீடர்ஸ் டைஜஸ்ற்' நாளொன்றுக்கு ஒன்றாக முப்பத்தொரு கட்டுரைகளைச் சுருக்கித் தந்தது. பல ஏடுகளிலும் சிறந்தவற்றை நடுநிலையோடு பொறுக்கித் தருகிறது என்பதே அதன் பெருமை. ஆனால் 1930களிலிருந்து அந்நிறுவனம் தானே பணங்கொடுத்துக் கட்டுரைகளை எழுதுவித்து, அவற்றைப் பிற சஞ்சிகைகளில் இடம்பெறச் செய்து, பின்பு அங்கிருந்து கண்டெடுத்தது போல மறுபதிப்புச் செய்யத் தலைப்பட்டது. இதனைக் கண்டித்து 1944 இல் 'நியூ யோர்க்கர்' சஞ்சிகை தன் கட்டுரைகளை மறுபதிப்புச் செய்யும் உரிமையை மறுத்தது. தெரிவு என்ற பெயரில் உற்பத்தி நடந்தது. பலரின் குரல் என்ற பெயரில் ஒருவரின் குரலே ஒலித்தது. திரட்டு நூலின் நடுநிலையை ஐயுறாது ஏற்கும் வாசகர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

இன்றைய இணையத்தில் அக்கத்தரிக்கோல் கணினியின் கைக்கு மாறியுள்ளது. முகநூலும் யூரியூப்பும் நமக்கு எதைக் காட்டுவது என்பதைக் கணக்கொன்று முடிவு செய்கிறது. அக்கணக்கின் நோக்கம் நம்மைத் திரையின் முன்னே நெடுநேரம் நிறுத்தி வைத்தல். ஏனெனில் நாம் நிற்கும் நேரமே விளம்பரதாரருக்கு விற்கப்படும் பண்டம். சினமூட்டுவதும் நிறுத்தி வைக்கும். சிரிப்பூட்டுவதும் நிறுத்தி வைக்கும். சிந்திக்க வைப்பதோ பல வேளைகளில் வாசகனைத் திரையினின்று எழுந்து போகச் செய்துவிடும். ஆகவே சிந்தனை அங்கு நட்டம் தரும் சரக்காகிறது.

மனிதர் கையாலே தெரிவு நடைபெறுதல் இணையத்தில் இயலாதென்பதில்லை. நியூசிலாந்தின் கன்ரபரிப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த டெனிஸ் டட்டன் 1998 இல் 'ஆர்ட்ஸ் அன் லெற்றேர்ஸ் டெயிலி' என்னும் இணையத் திரட்டைத் தொடங்கினார். கட்டுரை, நூல் மதிப்புரை, கருத்துரை என மூன்று பத்திகள். ஒவ்வொன்றின் கீழும் ஆவலைத் தூண்டும் சில வரிகள். அங்கிருந்து மூலக் கட்டுரைக்கே நேரான வழி. அவர் 2010 இல் மறைந்த பின்னரும் அது தொடர்ந்தது. வாசகனைத் தன்னிடமே பிடித்து வைக்காது மூலத்துக்கு அனுப்பிவைப்பது அதன் சிறப்பு. ஆங்கில ஏடுகளின் எல்லைக்குள்ளேயே அதன் உலகம் அடங்கிவிடுவது அதன் குறை. தமிழிலோ சிங்களத்திலோ எழுதப்படும் சிந்தனைக்கு அவ்வுலகில் இடமில்லை. அக்குறையை அவர்கள் வந்து நீக்குவார்கள் என்று காத்திருத்தல் பேதைமை.

நம்மிடையே நிலைமை யாது? வட்ஸ்அப் வாயிலாக நாள்தோறும் துணுக்குகள் வந்து குவிகின்றன. எழுதியவர் பெயர் இல்லை. எழுதிய காலம் இல்லை. வெளிவந்த இடம் இல்லை. பெயர் இருக்குமிடத்தும் அது பொய்யாகிறது. பாரதி எழுதாத வரிகள் பாரதி பெயரிலும், அப்துல் கலாம் சொல்லாத பொன்மொழிகள் அவர் பெயரிலும் உலவுகின்றன. மாணவர் அவற்றைக் கட்டுரைகளில் மேற்கோளாக்குகின்றனர்; மேடைகளிற் பெரியோரும் முழங்குகின்றனர். எழுதியவன் பெயரைக் களைதல் சிறு பிழையன்று. அஃது உழைத்தவனின் உழைப்பை அபகரித்தலாகும். அன்றியும், சொன்னவன் யாரென்று அறியாதபோது அவன் யார் பக்கம் நின்று சொன்னான் என்று கேட்கும் உரிமையையும் வாசகன் இழந்துவிடுகிறான்.

இவ்வாறு கூறுவதால் நகைச்சுவையை நாம் வெறுக்கிறோம் என எவரும் எண்ணற்க. முற்போக்காளர் முகஞ்சுளித்தே இருப்பர் என்பது ஒரு பழங்குற்றச்சாட்டு. காளமேகத்தின் சிலேடைகள் தனிப்பாடற்றிரட்டின் மூலமே மக்களிடம் நிலைத்தன. அதிகாரத்தைக் கண்டு அஞ்சும் மக்கள் அதனை முதலில் எதிர்ப்பது நகைப்பினால். நல்ல திரட்டில் சிரிப்பும் சிந்தனையும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். ஒன்றை மட்டும் கேள்: இச்சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? எளியவனின் பேச்சையும், பெண்ணின் உடலையும், மலையகத் தொழிலாளியின் வறுமையையும் பார்த்துச் சிரிக்கும் துணுக்கு எத்துணைச் சுவையாயினும் நம் திரட்டில் இடம்பெறலாகாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியைத் தம் கையில் எடுக்க இயலும். அதற்குப் பெரும் மூலதனம் வேண்டுவதில்லை. வகுப்பறைச் சுவரில் வாரமொரு முறை ஒட்டப்படும் ஒரு தாளே போதும். ஆயின் மூன்று நெறிகள் வேண்டும். எழுதியவர், ஏடு, ஆண்டு ஆகியன குறிக்கப்படல் வேண்டும். ஏன் இதனைத் தெரிந்தெடுத்தோம் என இரண்டு வரியேனும் எழுதப்படல் வேண்டும். நமக்கு உடன்பாடில்லாத நல்ல கட்டுரை ஒன்றேனும் ஒவ்வொரு முறையும் இடம்பெறல் வேண்டும். இம்மூன்றையும் செய்யப் பழகிய மாணவன் விமரிசனத்தின் முதற்படியில் ஏறிவிட்டான்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் 1981 இல் எரியூட்டப்பட்டன. ஒரு மக்களின் திரட்டு அழிக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதை நாம் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் தன்னார்வலர் பலர் கூடி ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆசிரியர் பெயரோடும் ஆண்டோடும் சேர்த்து வைத்தனர். பழைய சஞ்சிகைகளிற் புதைந்து கிடக்கும் கட்டுரைகளும் கேலிகளும் இன்று ஒரு மாணவன் எட்டிப் பறிக்கும் தூரத்தில் உள்ளன. சேர்க்கும் வேலை பெருமளவு நடந்துள்ளது. அவற்றை வாசித்து, தெரிந்து, மக்கள் முன் வைக்கும் வேலையே எஞ்சியுள்ளது. அவ்வேலையை நாம் செய்யாவிடின், நம்மை விற்பவர்களின் கணக்கு அதனைச் செய்துமுடிக்கும்.