தெருவெல்லாம் வேப்பம்பூ

பங்குனி பாதி கடந்த பிறகு, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேற்கு மாம்பலத்தின் குறுக்குச் சந்து எதிலாவது ஒரு நடை நடந்து பாருங்கள். வண்டிப்புகை, சாக்கடை வாடை எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஒரு தேன் மணம் வந்து முகத்தில் படும். அண்ணாந்தால், துளிரும் பூவுமாக வேப்பமரம். பாதிக்கு மேற்பட்டவை யாரும் நட்டு வளர்த்த மரங்களாகவே இருக்காது. காக்காயோ மைனாவோ பழத்தைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டை, மதிலோரத்தில் தானாக முளைத்து, மாடிக்கு மேலே வளர்ந்து நிற்கும். சென்னையிலும் இளவேனில் வருகிறது என்பதற்கு எனக்கு அதுதான் அத்தாட்சி.

அந்தப் பூவைச் சமைக்கலாம் என்பது நம்மில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. ஆனால் சித்திரை முதல் தேதிப் பச்சடிக்கு ஒரு சிட்டிகை போட்டதோடு வருஷத்துக் கடமை முடிந்தது என்று விட்டுவிடுகிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அறுசுவைக் கணக்கில் கசப்புக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகச் சேர்க்கிற பொருளா அது? இந்த நகரத்தில் கிடைக்கிற சாப்பாட்டுப் பொருள்களிலேயே தலைசிறந்தது. காசில்லாமல் காலடியில் கொட்டிக் கிடக்கிறது! மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளில் காய்ந்த பூவைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். நல்ல பூதான். இருந்தாலும், அன்று காலை உதிர்ந்த பூவுக்கு அது ஈடாகாது.

எடுப்பது சுலபம். ராத்திரியே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட வேண்டும். வண்டி அதிகம் ஓடாத சந்தாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய சாலையோரப் பூவில் கரி படிந்திருக்கும். கிளையை ஒடிக்கவோ உலுக்கவோ வேண்டாம். உதிர்ந்த பூ எப்படியும் காயாகப் போவதில்லை, அதை அள்ளுவதால் மரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் தெருவைப் பெருக்க வருகிற அக்காவிடம், “இந்த மரத்தடியை மட்டும் கடைசியில பெருக்குறீங்களாக்கா?” என்று கேட்டேன். “நீ அள்ளிக்கோம்மா. காய வச்சதும் எனக்கும் ஒரு பிடி குடு, எங்க மாமியாருக்கு அந்த ரசம்னா உசுரு” என்றார். அன்றிலிருந்து பூ இரண்டு வீட்டுக்கும் போகிறது.

முறத்தில் புடைத்தால் காம்பும் தூசியும் பிரிந்துவிடும். மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காய்ந்த பூ பழுப்பேறிச் சலசலக்கும். ஈரம் படாமல் புட்டியில் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் முதல் நாள் பூவைக் காயப்போட எனக்கு மனசு வராது. இரும்புக் கரண்டியில் நெய் விட்டு, சின்னத் தீயில் பூவைப் போட்டுக் கிளறினால் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் காபித்தூள் நிறத்துக்கு வரும். அப்போதே இறக்கிவிட வேண்டும். உப்புப் போட்டுச் சுடுசோற்றில் பிசைந்து முதல் கவளம். கசப்பு நாக்கில் பட்ட கையோடு நெய்யும் வறுபட்ட மணமும் எழுந்து வரும் பாருங்கள், அடுத்த கவளத்துக்குக் கை தானாகப் போகும். பித்தம் தணியும், வயிற்றுப்பூச்சி போகும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். நான் ருசிக்காகவே சாப்பிடுகிறேன்.

ரசத்தில் தக்காளி கூடாது என்பது என் கட்சி. புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்ததும் பெருங்காயம், துளி வெல்லம். பிறகு கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்து, நெய்யில் வறுத்த பூவை அடுப்பை அணைத்த பின் போட்டு மூடிவிட வேண்டும். பூவோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுக்க ரசத்தில் இறங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் பூவை உளுந்தோடு சேர்த்து வடகமாகக் காயவைத்துப் பொரிப்பார்கள். அந்த வடகமும் தயிர்சோறும் இருந்தால் எனக்கு வேறு கூட்டு, பொரியல் எதுவும் வேண்டாம்.

இத்தனையும் தருகிற மரம் ஊரில் குறைந்துகொண்டே வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது மதிலோர வேம்புதான் முதலில் போகிறது. போதாததற்கு, மழைக்காலம் தொடங்கி கிளை நுனிகள் கருகிக் காய்கிற நோய் வேறு. ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையால் வருவது. நுனி கருகினால் பூ ஏது? காக்காய் போடுகிற கொட்டைக்கோ விழுகிற இடமெல்லாம் சிமெண்ட். அதனால் காக்காயின் வேலையில் பாதியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். பங்குனியில் பூ அள்ளியவர்கள் ஆனியில் அதே மரத்தடிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஆனி, ஆடியில் பழம் மஞ்சளாகி உதிரும். வேப்பங்கொட்டையை அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்க முடியாது. சில வாரங்களிலேயே முளைக்கிற சக்தி போய்விடும். சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, உடனே விதைத்துவிட வேண்டும். என் மாடியில் எல்லாம் ஒரு லிட்டர் பால் கவர்தான். அடியில் ஓட்டை போட்டு, செம்மண், மணல், மட்கிய எரு கலந்து நிரப்பி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் கொட்டையை வைத்தால் போதும். இரண்டு மூன்று வாரத்துக்குள் முளை தலைகாட்டும். அதைப் பார்க்கிற காலைகளில் எனக்குக் காபி கூட மறந்துபோகும்! ஆணிவேர் வேகமாக இறங்குவதால் கன்றை நெடுநாள் கவரில் வைத்திருக்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு மண்ணில் இறக்கிவிட வேண்டும். கடற்கரைப் பக்கத்து மணலும் அதற்கு ஒத்துவரும். தண்ணீர் தேங்குகிற இடம் மட்டும் ஆகாது. மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள். நாலைந்து வருஷத்தில் பூக்கத் தொடங்கும்.

இடம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அந்த அக்கா தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிப் போனார். கன்றோடு காய்ந்த பூ ஒரு பொட்டலமும் சேர்த்துத்தான் கொடுப்பது; அந்த ரசத்தைச் சாப்பிட்டவர்கள் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற மறப்பதில்லை.