நங்கூரமும் ஆறு மணி நேரமும்

பாய்மரப் படகில் எல்லோரும் ரசிப்பது ஓட்டத்தைத்தான். நிறுத்துவதை யாரும் ஒரு கலையாக மதிப்பதில்லை. இரும்பைத் தண்ணீரில் போட்டால் படகு நிற்கிறது, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்பார்கள். நங்கூரம் கனத்தால் பிடிக்கிறது என்ற நினைப்பில் எழும் கேள்வி இது. சில டன் எடையுள்ள படகைப் பத்துப் பதினைந்து கிலோ இரும்பு எப்படிக் கனத்தால் நிறுத்தும்? கொக்கி சேற்றில் புதைய வேண்டும். கயிறு அதைத் தரையோடு தரையாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் எவ்வளவு நல்ல நங்கூரமும் பெயர்ந்துவிடும். ஆக, பிடிமானம் என்பது கயிற்றின் நீளமும் இழுப்பின் கோணமும்தான். ஓதம் ஏறி இறங்கும் ஆற்றில் இவை இரண்டும் மணிக்கு மணி மாறுகின்றன. அங்கே நங்கூரம் போடுபவர், இன்னும் வந்து சேராத தண்ணீரைக் கணக்கில் வைத்துத்தான் போட்டாக வேண்டும். இந்தத் தொழிலின் அழகு முழுவதும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

இரும்புலியூரிலும் தாம்பரத்திலும் இருப்பவர்களுக்கு இது தொலைதூரச் சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் கிழக்குத் தாம்பரத்து மழைநீர் செம்பாக்கம் போன்ற ஏரிகள் வழியே பள்ளிக்கரணைக்குப் போய், ஒக்கியம் மடுவு கடந்து, பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காட்டை அடுத்த கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது. அந்தக் கழிமுகத்தையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் செவெர்ன் முகத்துவாரத்தில் ஓத வேறுபாடு 14 மீட்டர் வரை போகும். நம் கரையில் பெரிய ஓதத்தன்றுகூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இந்த ஒரு மீட்டருக்கா இவ்வளவு கணக்கு என்ற ஆட்சேபம் நியாயமாகவே தோன்றும். ஆழம் குறைந்த இடத்தில்தான் அது பொய்த்துப் போகிறது. வற்றத்தில் ஒன்றரை மீட்டர் தண்ணீர். படகின் முன்முனையான அணியம் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம். மொத்த உயரத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விடுவது வழக்கம் என்றால் பன்னிரண்டரை மீட்டர் போதும். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் ஒரு மீட்டர் ஏறியதும் தேவை பதினேழரை ஆகிவிடும். விட்ட கயிறோ அதேதான். சரி, முதலிலேயே இருபத்தைந்து மீட்டர் விட்டுவிட்டால்? ஒடுங்கிய கழியில் அவ்வளவு நீளக் கயிற்றில் சுற்றும் படகு கரையோரச் சேற்றில் ஏறி, வற்றத்தில் சாய்ந்து கிடக்கும். குறைத்தாலும் ஆபத்து, கூட்டினாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைச் சொல்லும் அட்டவணை எதுவும் கிடையாது.

காற்று வந்து சேரும்போது விஷயம் இன்னும் சுவையாகிறது. கோடைப் பிற்பகலில் கடற்காற்று உள்நோக்கி அடிக்க, வற்றம் தண்ணீரைக் கடலுக்கு இழுக்கிறது. தண்ணீருக்கடியில் ஆழமாக இறங்கிய அடிக்கட்டை உள்ள படகு நீரோட்டத்துக்குக் கட்டுப்படும். தட்டையான அடியுள்ளது காற்றோடு போகும். ஒரே கழியில் இரண்டு படகுகள் எதிரெதிராக முகம் காட்டி நிற்பது இதனால்தான். பக்கத்துப் படகு நிற்கும் திசையைப் பார்த்து இடம் தேர்ந்தவர் ஏமாந்து போவார். ஐப்பசி, கார்த்திகையில் வேறொரு கதை. ஏரிகளின் உபரி நீர் இறங்கும்போது, அடியில் கனமான உப்புநீர் உள்ளே நுழைய, மேலே நன்னீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். ஓத அட்டவணை ஏற்றம் என்கிறது. படகோ திரும்பவே இல்லை. முகத்துவாரத்தை மணல்திட்டு மூடிவிட்டால் அந்த அட்டவணைக்கே வேலையில்லை.

ஆழமானியும் ஜிபிஎஸ் எச்சரிக்கையும் வந்த பிறகு இந்தத் தேர்ச்சி எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். ஆழமானி இப்போதுள்ள ஆழத்தைச் சொல்லும். எச்சரிக்கை மணி நங்கூரம் பெயர்ந்த பிறகுதான் அடிக்கும். கரையில் ஒரு பனையையும் அதன் பின்னால் ஒரு மின்கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு, அணியத்தில் கயிற்றின் மீது கைவைத்து அதிர்வைக் கேட்பவருக்கு, அதற்கு முன்பே தெரிந்துவிடும். கருவிகள் மேம்பட வேண்டாம் என்றில்லை. பாய்மக் கொந்தளிப்பை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜி. ஐ. டெய்லர் 1933-இல் கலப்பை வடிவ நங்கூரம் ஒன்றை உருவாக்கினார். அவரே பாய்மரப் படகோட்டி. பழைய நங்கூரத்தில் ஒரு கொக்கி புதைந்தால் மற்றது மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஓதம் திரும்பும்போது கயிறு அதில் சுற்றிக்கொள்ளும். டெய்லர் அந்த மேல்கொக்கியையே ஒழித்து, தண்டில் ஒரு கணுவை வைத்து, இழுப்பு மாறும்போது கலப்பை மண்ணுக்குள்ளேயே திரும்ப வழி செய்தார். இரும்பைக் கூட்டித் தீர்க்கவில்லை. ஆறு திசை மாறும் என்பதை நங்கூரத்தின் வடிவத்திலேயே ஏற்றினார்.

இது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பாரும் உண்டு. ஆனால் அதே பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றி, பாய் விரித்தும் கழி ஊன்றியும் போன தோணிக்காரர்கள், ஆற்று முகத்துவாரங்களைக் குறுக்கே கடக்கும் இடங்களில் தண்ணீர் திரும்பும் நேரம் தெரியாமல் பிழைத்திருக்க முடியாது. எனக்குக் கனமாகப்படும் ஆட்சேபம் வேறு: எதுவும் நடக்காமல் இருப்பதே வெற்றி என்றால் ரசிகன் எதைப் பார்ப்பான்? கோர்வை சரியாக எடுப்பில் வந்து விழும்போது, பல ஆவர்த்தனங்களுக்கு முன்பே தொடங்கிய கணக்கைத்தானே மார்கழி சபாவில் தலையாட்டி ரசிக்கிறோம்? இங்கும் பார்க்க வேண்டிய தருணம் ஓதம் திரும்பும் அந்தச் சில நிமிடங்கள். தேர்ந்தவர் ஆற்றின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்றாக இரண்டு நங்கூரங்களைப் போட்டு, இரண்டு கயிறுகளையும் அணியத்தில் கட்டியிருப்பார். படகு நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனால் ஒவ்வொரு ஓதத்துக்கும் ஒரே பக்கமாகச் சுற்றினால் இரண்டு நாளில் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். அதனால் நீரோட்டம் ஓயும் தறுவாயில் சுக்கானைச் சற்றே ஒரு பக்கம் திருப்பிக் கட்டிவிடுவார். மிச்சமிருக்கும் ஓட்டம் அணியத்தை அந்தப் பக்கமாகத் தள்ளிவைக்கும். எதிர் ஓட்டம் வந்ததும் படகு போன தடவை சுற்றியதற்கு எதிராகச் சுற்றி நிற்கும்.