கணிப்பொறிக்குள் முகவரிக் குழப்பம்

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வகக் கணிப்பொறியில் புதிய வன்தட்டு ஒன்றைப் பொருத்தினோம். இயக்க முறை லினக்ஸ். மாணவர்களின் அளவீடுகள் இருந்த தட்டின் பெயர் அதுவரை 'எஸ்டிஏ'. ஆகவே புதியதன் பெயர் 'எஸ்டிபி' என்று நம்பி, அந்தப் பெயருடைய தட்டைத் துடைத்தேன். துடைபட்டது பழைய தட்டு! இரண்டு மாத வெப்பக் கடத்துதிறன் அளவீடுகள் போய்விட்டன.

சரிபார்க்காதது என் தவறுதான். ஆனால் பெயரிடும் முறைக்கும் அதில் பங்கு உண்டு. இப்பெயர்கள் தட்டு இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. கணிப்பொறியைத் தொடக்கும்போது எது முதலில் தென்படுகிறதோ அது 'ஏ', அடுத்தது 'பி'. வகுப்புக்குள் நுழையும் வரிசையில் நாள்தோறும் பதிவெண் கொடுப்பதைப் போன்றது இது.

பிசிஐ அட்டைகளின் முகவரி இதைவிட உறுதியானதாகத் தோன்றும். 'பஸ்' எனப்படும் தடத்தின் எண்ணுக்கு 8 பிட், அதிலுள்ள சாதனத்துக்கு 5 பிட், சாதனத்தின் செயற்பகுதிக்கு 3 பிட். அதாவது 256 தடங்கள். தடத்துக்கு 32 சாதனங்கள். சாதனத்துக்கு 8 செயற்பகுதிகள். கணக்கு அழகுதான். ஆனால் தட எண் எங்கும் பொறிக்கப்பட்டதன்று. கணிப்பொறி தொடங்கும்போது, எதிர்ப்படும் ஒவ்வொரு பாலத்துக்கும் அப்பாலுள்ள தடத்துக்கு அடுத்த எண் வழங்கப்படுகிறது. பாலம் கொண்ட புதிய அட்டை ஒன்றை நடுவில் செருகினால், அதற்குப் பின்வரும் எண்கள் நகர்ந்துவிடலாம். 'எஞ்சினிலிருந்து ஐந்தாவது பெட்டி' என்று உறவினருக்குக் கடிதம் எழுதிவிட்டு, வழியில் ஒரு பெட்டியைக் கோத்தால் அவர் யாரைத் தேடுவார்?

2013-இல் லினக்ஸின் சிஸ்டம்டி வலைப்பின்னல் அட்டைகளுக்கு 'இஎன்பி3எஸ்0' போன்ற பெயர்களைக் கொண்டுவந்தது. 'முன்கூட்டியே அறியத்தக்கவை' என்பது அவற்றின் விருது. அதிலுள்ள 3 மேற்சொன்ன தட எண்ணே! பழைய 'இடிஎச்0' முறையைவிட இது மேல். ஆயினும் விருது சற்றுப் பெரிது.

ஐ.பி.எம். நிறுவனத்தின் பவர் வகைக் கணிப்பொறிகளில் உள்ள இடக்குறிகளே என் மனத்துக்கு நிறைவு தருபவை. முதலில் 'யு' என்ற எழுத்தும் பெட்டகத்தின் வகை எண்ணும் வரிசை எண்ணும். பிறகு 'பி1-சி2-டி1' என்பது போன்ற வால். முதலாம் பலகை, அதில் இரண்டாம் செருகிடம், அதில் முதல் இணைப்பு வாய் என்று வீட்டு முகவரி போலப் படிக்கலாம். காற்றாடிக்கு 'ஏ', மின்வழங்கிக்கு 'இ'. அட்டை பழுதாகி வேறொன்றை வைத்தாலும் குறி மாறாது. ஏனெனில் குறி இடத்துக்கு உரியது, பொருளுக்கு அன்று. எதைக் கழற்றுவது என்று தேடும் தொழில்நுட்பருக்கு வேண்டியது இதுதான்.

இதிலும் குறை உண்டு. நினைவகத் துண்டு செருகும் இடமும் 'சி', அட்டை செருகும் இடமும் 'சி'. ஆகவே கையேட்டைப் புரட்டாமல் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல இயலாது. வேடிக்கை இன்னொன்று: மென்பொருளில் மட்டுமே உள்ள மாயச் சாதனங்களுக்கும் 'வி' என்ற எழுத்துடன் இடக்குறி தருகிறார்கள். கைக்கு எட்டாத பொருளுக்கு ஏது இடம்?

நல்லவேளையாக, வன்தட்டுகளை அவற்றின் வரிசை எண்ணைக் கொண்டு அழைக்கவும் லினக்ஸில் வழி உண்டு. இப்போது எங்கள் ஆய்வகத்தில் அப்படியே அழைக்கிறோம். ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறோம்.