நிறுத்தச் சொல்லாத செடி

கஞ்சாவை அறைக்குள் வளர்ப்பவர்கள் விளக்கை எவ்வளவு பிரகாசமாக வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு நெடுங்காலம் செவிவழி அறிவுதான் விடையாக இருந்தது. சட்டத்துக்கு மறைந்து வளர்த்த நாட்களில் உருவான அந்த அறிவு சொன்னது ஒன்றுதான்: ஒளியைக் கூட்டினால் பூ கூடும். கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சா சட்டபூர்வமானது. அதன் பிறகு அங்கே இதை வெளிப்படையாகச் சோதித்துப் பார்ப்பது எளிதானது. குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவு, அந்தப் பழைய நம்பிக்கை பெரும்பாலும் சரி என்றது. எனக்குக் கவலை தருவது அந்தச் சரிதான்.

செடிக்குப் பயன்படும் ஒளியை, ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்று கணக்கிடுவார்கள். நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 2,000. குவெல்ஃபில் செடிகளுக்கு 120 முதல் 1,800 வரை ஒளி கொடுத்துப் பார்த்தார்கள். காய்ந்த பூவின் விளைச்சல் 1,800 வரை நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனது. தனி இலையை எடுத்துப் பார்த்தால், அதன் ஒளிச்சேர்க்கை அதற்கு வெகுமுன்பே உச்சம் தொட்டுவிடுகிறது. ஆனால் முழுச் செடி தனி இலையல்ல. மேலே தேவைக்கு மிஞ்சும்போதும் கீழே நிழலில் கிடக்கும் இலைகளுக்கு ஒளி போதாமலேயே இருக்கிறது. கூட்டக் கூட்ட அவையும் வேலை செய்யத் தொடங்குகின்றன. பூக்கொத்தும் இறுகித் திரள்கிறது. அறை வாடகையும் கூலியும் விளக்கின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை என்பதால், வளர்ப்பவர் ஒளியைக் கூட்டுவதில் நியாயம் உண்டு.

இனி அதே எண்களை மறுபக்கமிருந்து பார்ப்போம். 120இலிருந்து 1,800 என்பது 15 மடங்கு ஒளி. விளைச்சல் கூடியதோ சுமார் நாலரை மடங்கு. அதாவது ஒரு கிராம் பூவுக்குச் செலவாகும் ஒளி மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது. பூவிலுள்ள வேதிப்பொருட்களின் வீரியமாவது கூடியதா என்றால், கன்னாபினாய்டுகளின் செறிவில் மாற்றமில்லை. இன்னொன்று, அந்த ஆய்வில் வளர்ந்தது சிபிடி என்ற கன்னாபினாய்டு மிகுந்த ஒரே ஒரு ரகம். அதை வைத்து எல்லா ரகங்களுக்கும் 1,800 பொருந்தும் என்பது அவசரம்.

ஆய்வுக்கூடத்தில் ஒளியை அளந்து கொடுத்தார்கள். வளர்ப்பறைகளில் பலர் அளப்பதே இல்லை. டிம்மரை 80 சதவீதத்தில் வைத்தேன் என்பார்கள். அது விளக்குக்குப் போகும் மின்சாரத்தின் கணக்கு. இலையில் என்ன விழுகிறது என்பதை அது சொல்லாது. பூக்கும் பருவத்தின் முதல் வாரங்களில் செடி மளமளவென உயர்ந்து விளக்கை நெருங்கும். டிம்மரைத் தொடாமலேயே உச்சிக்கொத்தின் மேல் ஒளி ஏறி, நுனி வெளுத்துவிடும். அறையின் நடுவிலும் சுவரோரத்திலும் ஒரே ஒளி கிடைப்பதில்லை. லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. பச்சை, மஞ்சள் ஒளிக்கு அது அதிக எடை கொடுக்கும், செடி விரும்பும் சிவப்பைக் குறைத்துக் காட்டும். ஒளிச்செறிவோடு நேரத்தையும் பெருக்க வேண்டும்: 12 மணி நேரம் 900 என்றால் நாளுக்கு 39 மோல், 18 மணி நேரம் 600 என்றாலும் அதே 39தான். இந்தப் பெருக்கலைப் போடாமல் ஒளிச்செறிவைப் பற்றி மட்டும் வாதிடுவதில் பொருளில்லை.

விளக்கின் செலவு விளக்கோடு முடிவதுமில்லை. அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அதை வெளியேற்ற ஏசி, இலைகள் விடும் ஈரத்தை இழுக்க இன்னொரு இயந்திரம், அதிக ஒளிக்கு ஈடுகொடுக்கக் கூடுதல் கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு, அமெரிக்காவில் இடத்தைப் பொறுத்து, 2,283 முதல் 5,184 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான பசுங்குடில் வாயு வெளியேறுகிறது என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2021இல் கணக்கிட்டது. ஒரு பயிருக்கு இது மன்னிக்க முடியாத எண்.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் பெரிய வளர்ப்பாளர்களுக்குச் சதுர அடிக்கு 36 வாட், சிறியவர்களுக்கு 50 வாட் என்று விளக்குக்கு உச்சவரம்பு வைத்தது. கலிபோர்னியா 2023 முதல், பெரிய உள்ளறை வளர்ப்புக்கூடங்களின் விளக்குகள் ஒரு ஜூல் மின்சாரத்துக்குக் குறைந்தது 1.9 மைக்ரோமோல் ஒளி தர வேண்டும் என்றது. இரண்டில் மாசசூசெட்ஸ் விதியே மேல் என்பேன். கலிபோர்னிய விதி திறனைக் கேட்கிறதே தவிர, மொத்தத்தைக் கேட்பதில்லை, எல்.இ.டி.க்கு மாறியவர் மிச்சமான மின்சாரத்தை அப்படியே கூடுதல் ஒளியாக்கிவிடலாம். விளைச்சல் நேர்கோட்டில் ஏறும்போது அப்படிச் செய்யாதவர் யார்? போதும் என்று இந்தச் செடி சொல்லப்போவதில்லை. எல்லையை வெளியிலிருந்துதான் போட வேண்டும்.

கனடாவில் விற்கும் ஒவ்வொரு கஞ்சாப் பொட்டலத்திலும் டிஎச்சி, சிபிடி ஆகிய கன்னாபினாய்டுகளின் அளவுகள் அச்சாகின்றன. அந்தப் பூவை விளைவிக்க ஒரு கிராமுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்பதையும் அவற்றின் பக்கத்தில் அச்சிடச் செய்ய வேண்டும்.