வளைவை எண்ணுகிறவர்களும் தலையை எண்ணுகிறவர்களும்

நெடுஞ்சாலைப் பண்பாடு, பயண வரலாறு என்று இப்போது நிறைய எழுதுகிறார்கள். போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் கொச்சி–தனுஷ்கோடி சாலை என்றால் 17 கொண்டை ஊசி வளைவு, புலியூத்து அருவி, மூடுபனி. அவ்வளவுதான். எங்க தெருவுல விடியறதுக்கு முன்னாடி ஜீப்பு வந்து நிக்கும். தூக்குவாளியோட பொம்பளைங்க ஏறுவாங்க. டிரைவரு எண்ணுறது வளைவை இல்ல, தலையை. 'இன்னும் ரெண்டு பேரு, நெருங்கி உக்காரு தாயி'ன்னு சத்தம் கேக்கும். பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் பறிக்கப் போகிற அந்த ஜீப் ஏன் பயண இலக்கியத்தில் ஏறவில்லை?

வெள்ளைக்காரன் காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்குத் தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்ததைச் சுற்றுலாக் கட்டுரைகள் வருத்தத்தோடு சொல்கின்றன. தேயிலைக்குக் கம்பிவடம் இருந்துச்சு. கூலிக்குக் காலுதான். அந்தக் காலுக்காக வருத்தப்பட ஆளில்லை.

நம் பயண இலக்கியத்தின் முதல் நூல் எது என்று கேட்டால், அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்பேன். 1901இல் கோரேகானுக்குப் போகும் சிறுவர்களுக்கு இரட்டைக் கூலி. வண்டியையும் அவர்களே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் கூடவே நடந்து வருவான். 1929இல் சாலிஸ்கானில் டோங்காக்காரர்கள் மறுக்க, ஓட்டத் தெரியாத நம்மாள் ஒருவர் ஓட்டி, பாலத்தில் விழுந்து அம்பேத்கரின் கால் முறிந்தது. படித்த பட்டமும் பதவியும் ஒரு டோங்கா இருக்கையை வாங்கித் தரவில்லை.

அது வடக்கே, அந்தக் காலம் என்று சொல்லித் தப்ப முடியாது. 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. மற்றவர் பெயர் தாங்கிய பஸ்ஸில் நாம் ஏறினோம். நம்ம பேரு எழுதின பஸ்ஸுல ஏற அவங்களால முடியல. தமிழகச் சாலை வரலாற்றில் இதற்கு ஓர் அத்தியாயம் வேண்டாமா?

இந்தப் பின்னணியில்தான் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்தைப் பார்க்கிறேன். ஏலக்காய் மூட்டை சுமந்து மலை இறங்கும் ரங்கசாமியின் நடைவழியை ரோடு விழுங்குகிறது. நிலம் வாங்கத் துடித்தவன் கடைசியில் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்கிறான். ரோடு வந்தா முன்னேற்றம் வரும் என்கிற பொய்யை இவ்வளவு நிதானமாக உடைத்த படம் அபூர்வம். ஆனால் என் பார்வையில் அதில் வர்க்கம் துல்லியமாக இருக்கிறது, சாதி மங்கிவிடுகிறது. மலையேறுகிற எல்லாரும் ஒரே சனமாகிவிடுகிறார்கள். அடிவாரத்தில் ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கையில், மலைப்பாதை மட்டும் சமத்துவபுரமா? நேசித்த படம் என்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது, தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிச் சனங்கள் காட்டுவழியே நடந்து இறங்கினார்கள். ரோடு இருந்தும் மறுபடி காலுதான். சாலையை ஆராய வரும் மாணவத் தோழர்கள் வளைவுகளை எண்ணி முடித்த பிறகு, ஒருநாள் விடியக்காலம் எங்க தெருவுக்கு வரட்டும். ஜீப்பில் இடம் இருக்காது. நெருங்கித்தான் உட்கார வேண்டும்.