கிரஸ்கலின் கைவண்ணம்

ஒரு சமன்பாடு முரண்டு பிடித்தால் அதோடு மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு. மார்ட்டின் கிரஸ்கல் அப்படி நிற்க மாட்டார். அதை எழுதிய விதத்தையே மாற்றிப் பார்ப்பார். இந்தக் கலையில் அவரை மிஞ்சியவர் இருபதாம் நூற்றாண்டில் யாருமில்லை என்பது என் எண்ணம். 1925இல் நியூயார்க்கில் பிறந்தவர். அணுக்கரு இணைவுக்காகப் பிரின்ஸ்டனில் நடந்த பிளாஸ்மா ஆய்வுதான் அவருடைய அன்றாட வேலை. அதற்கு நடுவே நண்பர்களோடு சேர்ந்து பொதுச் சார்பியலைத் தானாகவே படித்தார். அந்தப் படிப்பில் விளைந்ததுதான் கருந்துளையின் முழுமையான வரைபடம்.

ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு 1916இல் கார்ல் ஷ்வார்ட்ஷில்ட் வெளியிட்ட தீர்வில் ஒரு தொல்லை இருந்தது. சூரியனின் நிறை முழுவதையும் ஒரு புள்ளியில் திரட்டிவிட்டதாக வைத்துக்கொண்டால், மையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் கணக்கின் ஓர் உறுப்பு முடிவிலிக்குப் போய்விடும். அங்கே வெளியும் காலமும் கிழிந்துபோகின்றனவோ என்று பலர் குழம்பினார்கள். கிழிசல் இயற்கையில் இல்லை, நாம் தேர்ந்த ஆயத்தொலைவுகளில்தான் இருக்கிறது என்று 1933இலேயே இயற்பியலாளர் லெமெய்த்தர் கண்டுகொண்டார். உலகப்படத்தில் வடதுருவம் ஒரு நீண்ட கோடாக இழுபட்டுக் கிடப்பதால் துருவத்தில் பூமி விரிந்துவிடுவதில்லை, அதுபோலத்தான் இதுவும். ஆனால் உள்ளும் புறமும் எல்லாவற்றையும் ஒரே தாளில் பழுதில்லாமல் காட்டும் படம் அப்போது கைக்கு வரவில்லை.

கிரஸ்கல் தூரத்தையும் காலத்தையும் கலந்து இரண்டு புதிய மாறிகளை அமைத்தார். அவர் வைத்த முதன்மையான நிபந்தனை இது: மையத்தை நோக்கியோ வெளியேயோ செல்லும் ஒளி, படத்தில் எங்கும் 45 பாகைச் சாய்கோட்டில்தான் போக வேண்டும். அப்படி அமைத்த மாறிகளில் அந்த 3 கிலோமீட்டர் முடிவிலி மறைந்துவிடுகிறது. அந்தத் தூரத்தில் இருக்கும், தாண்டினால் திரும்ப முடியாத நிகழ்வெல்லை தானும் ஒரு 45 பாகைக் கோடாகவே வந்து விழுகிறது. அங்கிருந்து வெளிப்பக்கம் கிளம்பும் ஒளி ஏன் அங்கேயே தங்கிவிடுகிறது என்பதை விரல் வைத்துக் காட்டிவிடலாம். இன்னும் அழகானது, படத்தின் மேற்புறத்தில் குறுக்கே படுத்திருக்கும் அதிபரவளையம். அதுதான் மையம். உள்ளே விழுந்தவருக்கு மையம் ஓர் இடமாகவே இருப்பதில்லை, எதிரே வரும் காலமாகிவிடுகிறது. இடமென்றால் விலகிப் போகலாம். நாளை என்பதிலிருந்து யார் விலக முடியும்? பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுப் புரியவேண்டிய இந்த விதியை நான்கைந்து கோடுகள் சொல்லிவிடுகின்றன.

இதை அவர் வெளியிடக்கூட முனையவில்லை. அதன் அருமையைப் பிறகு உணர்ந்த இயற்பியலாளர் ஜான் வீலர், தானே கட்டுரையை எழுதி, கிரஸ்கல் பெயரைப் போட்டு அனுப்பிவைத்தார். ஜெர்மனியில் இருந்தபோது அச்சுப்பிழை திருத்தத்துக்குத் தாள்கள் வந்து சேர்ந்ததும் கிரஸ்கலுக்கே வியப்பு. கட்டுரை 1960இல் வந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜார்ஜ் செக்கரஸ் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். இன்று இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது.

அடுத்த அத்தியாயம் நேரியலற்ற அலைகள். 1950களில் லாஸ் அலமாஸில் ஃபெர்மி, பாஸ்தா, உலாம் ஆகியோர், மேரி சிங்கூ எழுதிய கணினி நிரலின் துணையோடு, சுருள்வில்களால் பிணைத்த எடைகளின் வரிசை ஒன்றை ஆட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஆற்றல் எல்லா அதிர்வுகளுக்கும் பரவிக் கலைந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. அதுவோ கிட்டத்தட்ட முழுவதும் தொடங்கிய நிலைக்கே திரும்பி வந்தது. கிரஸ்கலும் நார்மன் ஸபுஸ்கியும் அந்த வரிசையைத் தொடர்ச்சியான இழையாகக் கருதி எழுதிப் பார்த்தார்கள். கைக்கு வந்தது, ஆழமற்ற நீரின் அலைக்காக 1895இல் கோர்ட்டவெக், டி விரீஸ் எழுதிய சமன்பாடு!

1965இல் அவர்கள் வெளியிட்ட கணினிக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். மெல்லிய ஓர் அலை செங்குத்தாகிக்கொண்டே போகிறது, உடைந்துவிடும் போலிருக்கிறது. உடைவதில்லை. அதன் செங்குத்தான முகத்தை ஒட்டிப் பின்னே சிற்றலைகள் முளைத்து, ஒவ்வொன்றும் தனிமேடாக வளர்ந்து ஓடத் தொடங்குகிறது. உயரமானது வேகமாக ஓடிக் குட்டையானதைப் பிடிக்கிறது, இரண்டும் கலக்கின்றன, பிறகு தத்தம் வடிவமும் வேகமும் குன்றாமல் பிரிகின்றன. மோதலின் தடயம் ஒன்றே ஒன்றுதான்: உயரமானது இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னும், குட்டையானது சற்றுப் பின்னும் இருக்கும். இவற்றுக்குச் சாலிட்டான் என்று பெயரிட்டார்கள்.

1967இல் கார்ட்னர், கிரீன், மியூரா ஆகியோரோடு சேர்ந்து கிரஸ்கல் காட்டியதை அவருடைய உச்சம் என்பேன். அலையின் வடிவத்தை ஒரு குவாண்டம் துகள் எதிர்கொள்ளும் நிலையாற்றலாக வைத்துக்கொள்கிறார்கள். அலை எவ்வளவு உருமாறினாலும் அந்தத் துகளின் ஆற்றல் நிலைகள் மாறுவதில்லை. கட்டுண்ட நிலை ஒவ்வொன்றும் ஒரு சாலிட்டான். கட்டுக்கடங்காத சமன்பாடு இந்த வழியில் நேரியல் கணக்காகிப் பணிந்துவிடுகிறது. கருந்துளையில் செய்த அதே காரியம், இன்னும் பெரிய அளவில்.

ஒளியிழையில் சாலிட்டான்கள் பின்னாளில் ஓடின. 1993இல் கிரஸ்கலுக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் வந்தது. 2006இல் அவர் மறைந்தார்.

இயற்பியல் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1960ஆம் ஆண்டுக் கருந்துளைக் கட்டுரை மூன்றே பக்கம். பென்சிலும் வரைபடத்தாளும் எடுத்துக்கொண்டு அந்தப் படத்தை உங்கள் கையாலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.